ஷீலா அசையவில்லை

நந்தகுமாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் பிறந்து, அலைச் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு இப்படி ஒரு வியாதி வந்தால் என்னதான் செய்வது? படகில் ஏற்றினால் முகத்துவாரம் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். பழகிவிடும், பழகிவிடும் என்று அப்பா எத்தனையோ தடவை கூட்டிப் போய்ப் பார்த்தார். கடைசியாகப் போன அன்று, வலை இழுக்கிற நேரத்தில் இவன் படகுக்குள் சுருண்டு கிடந்ததால் ஆள் போதாமல் பாதி வலையை அறுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அன்றைக்கு உடம்பில் ஏறிய கூச்சம் இவனைவிட்டு இறங்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடலுக்குப் போகாதவன் கரையில் என்ன செய்வான்? படகுக்குப் பெயரும் நம்பரும் எழுதினான். கை நன்றாக ஓடியது. பெசன்ட் நகர் ஓடைக்குப்பத்தில் ஒருவர் தன் ஃபைபர் படகுக்கு மாதா படம் போட வேண்டும் என்று கூப்பிட்டபோது, ஒரே நாளில் முடிகிற வேலையை ஒரு வாரம் இழுத்தான். அந்தப் படகுக்காரரின் தங்கைதான் ஷீலா. மாதாவின் முகத்தைத் தினமும் துடைத்துத் துடைத்து மறுபடி வரைந்துகொண்டிருந்தவனைப் பார்த்து, "மாதா பாவம்யா, உட்டுடு" என்றாளாம். கல்யாணம் என்றதும் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூச்சல் போட்டார்கள், அப்புறம் அவர்களே ஓய்ந்துபோனார்கள். மாதா படமும் கந்தன் படமும் ஒரே ஆணியில் மாட்டிய வீடு அவர்களுடையது.

கல்யாணத்துக்குப் பிறகு கோடம்பாக்கத்தில் ஒரு செட் வேலைக்காரரிடம் போய்ச் சேர்ந்தான். படப்பிடிப்புக்குப் பின்னால் தொங்குகிற துணித் திரையில் தெருவும் வீடும் வரைகிற வேலை. முகம் வரும், மரம் வரும், மாடு வரும், தெரு மட்டும் வராது. தூரம் போகப் போகச் சின்னதாக வேண்டிய தெரு இவன் கையில் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். உன் வீடெல்லாம் குடித்துவிட்டு நிற்கிறதடா என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். அந்த வேலையும் போயிற்று. அப்புறம் சில வருஷம் வெறும் கையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஷீலா விடியற்காலையில் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து சாந்தோம் சந்தில் விற்று, அதில் குடும்பம் நடந்தது. அவள் ஒரு நாள்கூடக் குத்திக் காட்டியதில்லை. இவனுக்கு அதுவே குத்தியது.

பிறகுதான் கண்ணாடி வந்தது. யாரோ வெளியூர்க்காரன் தெருவோரம் உட்கார்ந்து கண்ணாடி வைத்து வரைவதைப் போனில் பார்த்து, அதே மாதிரி ஒன்றை வாங்கித் தரும்வரை ஷீலாவை நச்சரித்தான். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை அது. கட்டைவிரல் அளவுக்குப் பட்டை தீட்டிய ஒரு கண்ணாடித் துண்டு, வளைந்த கம்பியின் நுனியில். கம்பியை வரைபலகையின் ஓரத்தில் இறுக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் மேலிருந்து குனிந்து பார்த்தால், எதிரே இருக்கிற தெரு அப்படியே கீழே தாளின் மேல் வந்து படுத்திருக்கும். தெருவும் தெரியும், பென்சில் முனையும் தெரியும். கோட்டின் மேல் கோடு ஓட்டிக்கொண்டே போனால் போதும். தலை ஒரு விரற்கடை நகர்ந்தால் எல்லாம் நகர்ந்துவிடும், அதுதான் கஷ்டம். அதற்கும் வழி கண்டுபிடித்தான். தாளில் விளக்குக் கம்பத்தின் நுனி விழுகிற இடத்திலும் ஏதாவது ஒரு வாசற்படியின் மூலையிலும் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுக்கொள்வான். மறுநாள் வந்து குறிகளைப் பொருத்திக்கொண்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் தடவை மயிலாப்பூர் குளக்கரையை வரைந்து முடித்துவிட்டுக் கண்ணை எடுத்துப் பார்த்தான். படிகள் படிகளாகவே இறங்கின, வீடுகள் நிதானமாக நின்றன. நடுத்தெருவில் அழுதுவிட்டான்.

சரி, அத்தோடு சந்தோஷமாக இருந்திருக்கலாம் அல்லவா? எங்கே இருந்தான்! கண்ணாடி வைத்து வரைகிறான் என்று தெரிந்தால் மதிக்க மாட்டார்கள் என்று பலகைக்கு மேல் ஒரு கறுப்புக் குடையைச் சாய்த்து வைத்து, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வரைந்தான். வெயிலுக்கு என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். பாண்டி பஜாரில் ஒருவர், கண்ணாலேயே அளந்துவிடுகிறீர்களே என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். இவன் அடக்கமாகச் சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்து ஷீலாவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நாங்க தராசு வெச்சிதான மீனு விக்கிறோம்? தராசு வெச்சவன எவனாவது திருடன்னு சொல்றானா? நீ இன்னாத்துக்கு ஒளிச்சி வெக்கிற?"

இவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடியை ஒளித்தவன் அதோடு நின்றானா என்றால் அதுவும் இல்லை. சாந்தோம் சந்தில் வரைய உட்கார்ந்த முதல் நாளே ஷீலாவிடம் மென்று முழுங்கி ஒரு ஏற்பாடு சொன்னான். தன்னிடம் படம் வாங்குகிறவர்கள் வந்து போகிற இடம், அதனால் அங்கே இருக்கும்போது தன்னிடம் பேச வேண்டாம், தெரிந்தவள் மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்றான். வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே கத்தியை எடுத்திருப்பாள். ஷீலா சிரித்தாள். "அப்ப நான் யாரு?" என்றாள். மீன்காரம்மா என்றான். "நீ?" என்றாள். படம் போடுகிறவர் என்றான். அவள் அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். டீக்காரரிடம், அந்த சாருக்கு ஒரு டீ கொடுங்க என்று சொல்லி அனுப்புவாள். இவன் அவள் பக்கமாக நடந்து போனால், "இன்னா மீனு வேணும் சார்? வஞ்சரம் கீது, சங்கரா கீது" என்று குரல் கொடுப்பாள். பக்கத்தில் மீன் வெட்டுகிற முனியம்மாளுக்கு விஷயம் தெரியும், அவள் முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். இவனும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுப் போவான். விளையாட்டு நன்றாகத்தான் இருந்தது. அவளுக்கு மட்டும்தான் அது விளையாட்டு என்பதை அவள் அறியவில்லை.

அந்தச் சந்தின் கோடியில் பழைய பங்களா ஒன்றைக் காபிக்கடையாக மாற்றியிருந்தார் பாலகணேஷ் என்பவர். நல்ல மனிதர், எதைப் பார்த்தாலும் வியக்கிறவர். கடையின் பெரிய சுவருக்கு இந்தச் சந்து முழுவதையும் வரைந்து தர முடியுமா என்று நந்தகுமாரைக் கேட்டார். தெரு இருக்கிறபடியே இருக்க வேண்டும், கோபுரம், மரம், மதில் எல்லாம் வேண்டும் என்றார். எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். ஓவியக் கல்லூரி என்றான். வீடு எங்கே என்றார். மந்தைவெளி என்றான். வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். ஆபீஸ் வேலை என்று சொல்லிவிட்டான்! வாய் கூசவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மதிலோரம் ஷீலா ஒருவருக்குச் சங்கரா செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவளிடம் வேலை கிடைத்த விஷயத்தை மட்டும் சொன்னான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, தான் கேட்பது தப்போ என்பது போலக் கேட்டாள்.

"அதுல நான் வருவனாய்யா?"

"கண்ணாடில தெரியறதெல்லாம் வரும்மே" என்றான் நந்தகுமார்.

அவ்வளவுதான். அவளுக்கு அது போதும். மனுஷன் விட்டுவிடுவான், கண்ணாடி விடாது அல்லவா?

மறுநாள் காலை அவன் குடைக்குள் தலையை விட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, மதிலோரத்தில் நீலப் புடவை தெரிந்தது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு மட்டும் எடுக்கிற புடவை. மீன் விற்கிற இடத்துக்கு யாராவது அதைக் கட்டிக்கொண்டு வருவார்களா? கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தலையை வாரிப் பூ வைத்திருந்தாள். அசைந்தால் கண்ணாடியில் கோடு பிசகும் என்று அவன் எப்போதோ புலம்பியதை ஞாபகம் வைத்துக்கொண்டு, மீன்தட்டுக்குப் பின்னால் முதுகை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஈ மொய்த்தாலும் ஓட்டவில்லை. ஏம்மா, உன்னைத்தானே கேட்கிறேன், இறால் என்ன விலை என்று ஒரு மாமி சத்தம் போட்டுவிட்டு வேறு இடம் பார்த்துப் போனார். வந்தவர்களுக்கெல்லாம் முனியம்மாள் தன் வியாபாரத்தையும் பார்த்துக்கொண்டு இவள் மீனையும் விற்றுக் கொடுத்தாள். காபிக்கடைச் சுவரில் ஷீலா வரப்போகிறாள் என்பது அந்த வரிசையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. முனியம்மாள் உட்காரும் இடம் தாளுக்கு வெளியே போய்விடும் என்று தெரிந்து அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

நந்தகுமாரின் பென்சில் கோபுரத்தில் ஆரம்பித்து, மரத்தில் இறங்கி, மதிலின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து கிட்டே வந்தது. ஷீலாவின் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். வரைந்தால் என்ன குடி முழுகிவிடும்? படத்துக்குக் கீழே இன்னார் பெண்டாட்டி என்றா எழுதி ஒட்டப்போகிறார்கள்? பாலகணேஷ் மீன்காரி வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாரா? இல்லை. இவனுக்கு மட்டும் மீன்தட்டைப் பார்க்கப் பார்க்க, படகுக்குள் சுருண்டு கிடந்ததும், கரையில் சிரித்ததும், ஆபீஸ் என்று சொன்னதும் எல்லாம் சேர்ந்து அந்த நீலப் புடவை உட்கார்ந்திருந்த இடத்தில் தெரிந்தன. பென்சிலைத் தூக்கி, அவளைத் தாண்டி, அந்தப் பக்கத்து மதிலில் வைத்தான்.

அவள் மறைத்துக்கொண்டிருந்த மதில் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே? அதற்கும் வெட்கம் கெட்டவனுக்கு வழி இருந்தது. மத்தியானம் அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு மறுபடி வந்து, குறிகளைப் பொருத்தி, காலி மதிலுக்கு மேல்விளிம்பும் அடிவிளிம்புமாக இரண்டே கோடு போட்டான். அவள் உட்கார்ந்த ஈரம் தரையில் காயாமல் இருந்தது. அதையும் விட்டுவிட்டான். தாளில் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது.

அடுத்த நாளும் அவள் அதே புடவையில் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். வரைந்து முடித்தாயிற்று, இனி உட்கார வேண்டாம் என்று சொல்லவும் இவனுக்கு வாய் வரவில்லை. முகம் முடிந்ததா என்று வீட்டில் கேட்பாள். இன்னும் இல்லை என்பான். முகம்தானே, நிதானமாகப் போடு என்பாள்.

கடல்காற்று சும்மா இருக்குமா? ஒரு நாள் காலை பாலகணேஷ் கையில் காபியோடு வந்து பக்கத்தில் நின்ற நேரம் பார்த்து ஒரு வீச்சு வீசியது. குடை உருண்டு ரோட்டுக்குப் போயிற்று. பலகை, கம்பி, கண்ணாடி எல்லாம் பட்டப்பகலில் அம்மணமாக நின்றன. நந்தகுமாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மானம் போயிற்று என்றே நினைத்தான். பாலகணேஷோ திருவிழாவில் பொம்மையைப் பார்த்தவர் போல ஆகிவிட்டார். இது என்ன, எப்படி வேலை செய்கிறது, நான் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டபடியே காபியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேண்டாம் சார் என்று இவன் சொல்வதற்குள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாயிற்று.

கோடு மேல் கோடு கச்சிதமாக உட்கார்ந்திருப்பதைக் கண்டு ஆகா ஆகா என்றார். பிறகு சத்தம் நின்றது. தலையைத் தூக்கித் தாளைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். தாளில் கோடு நிறைய இருக்கும் இடத்தில் கண்ணாடி உருவம் மங்கித்தான் தெரியும். வெற்றுத் தாளில்தான் பளிச்சென்று விழும். இவன் சுத்தமாக விட்டு வைத்த அந்த ஒரு இடத்தில், நீலப் புடவையும் பூவுமாக ஷீலா விழுந்திருந்தாள்.

"இங்க ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே" என்றார். "கண்ணை வெச்சா இருக்காங்க, எடுத்தா காணோம். அவங்க தினமும் அங்கதானே இருக்காங்க? எப்படி விட்டீங்க?"

நந்தகுமார் பென்சிலைச் சீவ ஆரம்பித்தான். பாலகணேஷ் எழுந்து நின்று மதில் பக்கம் கையை ஆட்டி, அம்மா, கொஞ்சம் இங்கே வாங்க, இதைப் பாருங்க என்று ஷீலாவைக் கூப்பிட்டார். அவள் எழுந்தாள். இத்தனை நாள் காத்திருந்த அழைப்பு. கையைத் துடைத்துக்கொண்டு, புடவையில் ஒட்டியிருந்த செதிலைத் தட்டிவிட்டுக்கொண்டு, ரோட்டைக் கடந்து வந்தாள். அவள் வந்துகொண்டிருக்கும்போதே பாலகணேஷ் இவன் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரிந்தவர்களா என்று கேட்டார்.

"தெரியாது சார்" என்றான்.

அவள் காதில் விழுகிற தூரத்தில்தான் இருந்தாள். அந்தச் சந்தில் அவன் எப்போதும் சொல்ல வேண்டிய பதில்தான் அது, ஏற்பாடே அதுதான். அதனால் அதற்கு அவள் ஒன்றும் முகம் மாறவில்லை. சின்னதாகச் சிரித்தபடிதான் வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். தாளைப் பார்த்தாள். கோபுரத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், டீக்கடையைப் பார்த்தாள். மதிலுக்கு வந்தாள். விரலைத் தாளில் படாமல் அந்த இடத்துக்கு மேலே பிடித்து, அங்கிருந்து தன் மீன்தட்டைத் திரும்பிப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தாள்.

பாலகணேஷ் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, பாருங்கம்மா, தெருவில் எல்லாம் இருக்கிறது, உங்களை மட்டும் சார் விட்டுவிட்டார் என்றார்.

"அவரு இன்னா பண்ணுவாரு சார்" என்றாள் ஷீலா. "நான் அசைஞ்சிருப்பேன். அசைஞ்சா வராதாம்."

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது நந்தகுமாருக்கு. பாலகணேஷ் சிரித்தார். அப்படியென்றால் நாளைக்கு அசையாமல் உட்காருங்கள், சார் சேர்த்துவிடுவார் என்றார். கிளம்புகிறவர் நின்று, இவன் தோளைத் தட்டி, படம் மாட்டுகிற அன்றைக்கு உங்கள் மிஸஸை ஆபீஸுக்கு லீவு போடச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவசியம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

அப்போதுதான் ஷீலாவின் முகம் மாறியது. அவள் அவனைப் பார்க்கவில்லை. ரோட்டில் கிடந்த குடையை எடுத்து வந்து, மடக்கி, பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

வீட்டில் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டிருந்தால் பிழைத்திருப்பான். நீலப் புடவையை அலசிக் கொடியில் போட்டாள், குழம்பு வைத்தாள், சோறு போட்டாள். இவன் தட்டைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஷீலா என்று ஆரம்பித்தான். அவள் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எந்த ஆபீஸுய்யா?"

கிண்டல் இல்லை அதில். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். தன்னை எங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறான் என்று.  அதுவரை அவன் அதை யோசித்ததே இல்லை.

விடிந்ததும் நந்தகுமார் குடையை வீட்டிலேயே போட்டுவிட்டுச் சந்துக்குப் போனான். மதிலை வரைந்திருந்த இடத்தை ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் நார் எழும்புகிற அளவுக்கு அழித்தான். எல்லோரும் பார்க்கும்படி கம்பியை நிமிர்த்திக் கண்ணாடியை மாட்டினான். குறிகளைப் பொருத்திக் குனிந்தான். கோபுரம் கோபுரத்தின் மேல் உட்கார்ந்தது, மரம் மரத்தின் மேல் உட்கார்ந்தது. அழித்த இடத்தில் வெறும் மதில் தெரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. தலையைத் தூக்கினான். ஷீலா தன் உட்காரும் பலகையையும் தட்டையும் தூக்கிக்கொண்டு முனியம்மாளைத் தாண்டி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள். தாளுக்கு வெளியே. பழைய காவிக் கலர் புடவை, முழங்கைவரை செதில், வாய் ஓயாமல் வியாபாரம்.

கண்ணாடியில்லாமல் போட்டுவிடலாம் என்று பென்சிலை வைத்தான். எல்லா முகமும் வருகிற கைக்கு, இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்து எழுந்த முகம் மட்டும் மூக்கைத் தாண்டி ஒரு கோடு வரவில்லை. எழுந்தான். ரோட்டைக் கடந்தான். பாலகணேஷ் கடை வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு நின்றார். அவர் இருக்கட்டும் என்றே நினைத்தான். அவள் தட்டுக்கு முன்னால் போய் நின்றான்.

"ஷீலா" என்றான். மீன் வாங்க நின்றவர்களின் சத்தத்தில் அது கேட்கவில்லை. மறுபடி உரக்கவே கூப்பிட்டான். "ஷீலா. வந்து உக்காரும்மே. படத்துல உன்னப் போடணும்."

பாலகணேஷ் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்த்து, இது என் சம்சாரம் சார் என்றான். மீன் வாங்க நின்றவர்களும் அவனைப் பார்த்தார்கள். முனியம்மாள் வெட்டுவதை நிறுத்திவிட்டாள், முந்தானை வாய்க்குப் போகவில்லை. ஷீலா கையிலிருந்த மீனை முழுசாகச் சுத்தம் செய்து, பையில் போட்டு, நின்றிருந்த பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, வருகிற எல்லோரையும் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

"இன்னா மீனு வேணும் சார்?"

தராசைக் கையில் எடுத்துக்கொண்டு அவன் பதிலுக்காகக் காத்திருந்தாள்.